நேராக நின்ற எட்டு அட்டைகள்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆய்வு மாணவி விலங்கு அறையின் பூட்டைத் திறந்தாள். வழக்கமாகக் கதவுச் சத்தம் கேட்டதுமே எட்டுத் தாய் எலிகளும் மூக்கைத் தூக்கிக்கொண்டு கம்பியோரம் வரும். அன்று ஒன்றுகூட வரவில்லை. எட்டும் மரத்தூள் மேல் விறைத்துக் கிடந்தன. நான்கு கூண்டுகளில் குட்டிகளும் செத்திருந்தன. மற்ற நான்கில், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத, கண் திறக்காத குட்டிகள் செத்த தாயின் வயிற்றில் பாலைத் தேடிக்கொண்டிருந்தன.

அவள் கத்தவில்லை. ஐந்து வருட ஆராய்ச்சியின் கடைசிச் சோதனை அது. கத்துவதற்குக்கூடக் கொஞ்சம் தெம்பு வேண்டும். பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் போலீசுக்குச் செய்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. முந்தைய இரவு முழுக்க ஒரு லாரி விபத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிய அந்தப் பெண்மணியை மேலதிகாரி பாதி வழியில் திருப்பி அனுப்பியிருந்தார். எலி செத்தால் பூனையைத்தானே விசாரிக்க வேண்டும், என்னை ஏன் அனுப்புகிறீர்கள் என்று அவர் போனில் கேட்டுப் பார்த்தார். பெரிய இடத்து எலி என்று பதில் வந்தது. அவருக்குக் கால் வீங்கிப் போயிருந்தது. கூட வந்த ஏட்டு கொட்டாவியை மறைக்கக்கூட முயலவில்லை.

ஆய்வகத்தின் நடைபாதைச் சுவர்களுக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். தரையெல்லாம் பெயிண்ட் சொட்டுகள். பன்னிரண்டு மணிக்கு வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் குழு வருகிறதாம், அதற்காகத்தான் இந்த அலங்காரம். பேராசிரியர் வாசலிலேயே எதிர்கொண்டார். சலவை கலையாத சட்டை, நரைத்த தாடி, தளராத குரல். குழு வருவதற்குள் குற்றவாளியை வண்டியில் ஏற்றிவிட வேண்டும், செத்ததை எல்லாம் எரித்துவிட வேண்டும் என்றார். குற்றவாளி யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமே இல்லை. கூண்டுகளைப் பராமரிக்கும் ஊழியர். மகள் வீடு மாறுவதற்கு லீவு கேட்டுக் கிடைக்காமல், வெள்ளிக்கிழமை எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்திருக்கிறார். தீவனத்தில் எலி மருந்தைக் கலந்துவிட்டார். ஆளை அடுத்த அறையில் உட்கார வைத்திருக்கிறோம் என்றார் பேராசிரியர், கதையை முடித்துவிட்ட நிம்மதியோடு.

"எரிக்கிறதை நான் சொல்றப்போ எரிக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்கு அறைக்குள் போனார். சின்ன அறை. ஜன்னல் மூடியிருந்தது. தரை ஆஸ்பத்திரித் தரைபோலப் பளிச்சென்று இருந்தது, ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லை. இரும்பு அலமாரியில் எட்டுக் கூண்டுகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தகரச் செருகியில் ஓர் அட்டை, பள்ளிக்கூட இறைவணக்கத்தில் பிள்ளைகள் நிற்பதுபோல நேராக நின்றது. நான்கு சிவப்பு, நான்கு வெள்ளை. எந்தக் குட்டிகளுக்கு என்ன ஊசி என்பதை மாணவி அட்டைகளில் எழுதியிருந்தாள்.

சோதனை இதுதான். கருவில் இருக்கும்வரை குட்டியின் கல்லீரலுக்குப் பெரிதாக வேலையில்லை. தாயின் உடம்பே பார்த்துக்கொள்ளும். பிறந்த பிறகுதான் கல்லீரல் தனக்கு வேண்டிய நொதிகளை ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கும். அதைத் தொடங்கிவைப்பவை ஹார்மோன்கள். அந்த ஹார்மோனை வெளியிலிருந்து முன்கூட்டியே கொடுத்தால் கல்லீரல் சீக்கிரம் முதிருமா என்பது கேள்வி. சிவப்பு அட்டைக் குட்டிகளுக்கு ஹார்மோன், வெள்ளை அட்டைக் குட்டிகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர். வெளிச்சமும் சூடும் எல்லாவற்றுக்கும் சமமாகக் கிடைப்பதற்காகக் கூண்டுகளைத் தினமும் இடம் மாற்றி வைப்பார்கள். எது எந்தக் கூண்டு என்று அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். வெள்ளிக்கிழமையோடு ஊசிகள் முடிந்தன. சனி, ஞாயிறு யாரும் உள்ளே போகக்கூடாது என்று ஏற்பாடு. இதெல்லாம் வெற்றி என்று குழு ஒப்புக்கொண்டால், அடுத்த மாதமே ஓர் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்ப்பார்கள்.

"ஒண்ணு கவனிச்சீங்களா மேடம்?" என்றார் பேராசிரியர், வாசலில் நின்றபடியே. "செத்த குட்டி எல்லாம் வெள்ளை அட்டை. சிவப்பு அட்டையில ஒரு குட்டிகூடச் சாகல. விஷத்தையே தாங்கியிருக்கு. இவ்வளவு பெரிய அநியாயத்துலயும் எங்க மருந்து ஜெயிச்சிருக்கு."

இழவு வீட்டில் இப்படிக் கண் மின்னுகிற ஆட்களை இன்ஸ்பெக்டர் நிறையப் பார்த்திருக்கிறார். பெரும்பாலும் சொத்துக்குப் பங்காளிகள்.

பராமரிப்பு ஊழியர் அடுத்த அறையில் முக்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். மாணவர்கள் அவரைத் தாய்மாமன் என்றுதான் கூப்பிடுவார்கள். சினை எலிகளைப் பிரசவத்துக்கு வந்த தங்கச்சிகளைப்போலப் பார்த்துக்கொள்வார் என்று கிண்டல். அந்த அறையிலும் கூண்டுகள் இருந்தன, வேறு எலிகள், உயிரோடு. ஏட்டு அதற்குள் அவர் கையில் விலங்கை மாட்டியிருந்தார். இன்ஸ்பெக்டர் பார்த்தார், கழற்றச் சொல்லவில்லை. களைப்பில் விட்டுவிட்டார் என்பதே உண்மை.

பேசுவதற்கு முன் இன்ஸ்பெக்டரின் கை, பக்கத்துக் கூண்டில் தலைகீழாகச் செருகியிருந்த ஓர் அட்டையை நோக்கிப் போனது.

"மேடம், அதை மட்டும் தொடாதீங்க" என்றார் தாய்மாமன். "குட்டி போட்டு ரெண்டு நாள்தான் ஆவுது. குட்டி கண் தொறக்கற வரைக்கும் அட்டை தலைகீழா இருக்கும். ஊசி போடறவங்களைத் தவிர கூண்டுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு அர்த்தம். கை வாசனை பட்டா தாயே குட்டியைக் கடிச்சுடும்."

இன்ஸ்பெக்டர் கையை எடுத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ரூம்ல என்ன செஞ்சீங்க?"

"தரையைத் தொடச்சேன். கதவுக்குப் பெயிண்ட் அடிச்சப்போ உள்ளே தெறிச்ச சொட்டு. ஐயாதான் சொன்னாரு. ஸ்டோர்ல பழைய டின் ஒண்ணு இருக்கு, அதுல தொடச்சா போயிடும்னாரு."

"என்ன வாசனை?"

"இனிப்பா இருந்துச்சு. எனக்கே கொஞ்சம் தலை சுத்திச்சு."

"ஜன்னல்?"

"மூடியிருந்துச்சு. குட்டிங்களுக்குக் குளிரக் கூடாதுல்ல."

"டின் எங்க?"

"எடுத்த இடத்துலயே வச்சேன் மேடம்."

ஏட்டு போய்ப் பார்த்தார். ஸ்டோர் அலமாரியில் டின் இல்லை, அது இருந்த இடத்தில் தூசி படியாத வட்டம் மட்டும் இருந்தது. தாய்மாமன் தன்னைப் பற்றி அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. உயிரோடு இருக்கும் குட்டிகள் பசியில் கிடக்கும், இந்த அறையில் பால் கொடுக்கிற தாய்கள் இருக்கின்றன, அவற்றிடம் சேர்த்துவிடலாமா என்று மட்டும் கேட்டார். அவை சாட்சி, தொடக்கூடாது என்றார் ஏட்டு. தாய்மாமனின் முகம் சுருங்கியது.

பேராசிரியரிடம் டின்னைப் பற்றிக் கேட்டதற்கு, அப்படி ஒரு வார்த்தைகூடத் தான் சொல்லவில்லை என்று அடித்துச் சொன்னார். அந்த அறைக்குள் போயே இரண்டு வருடம் ஆகிறதாம். இன்று காலையிலும் வாசலைத் தாண்டவில்லை. அறைக்கு மூன்று சாவிகள். ஒன்று தாய்மாமனிடம், ஒன்று மாணவியிடம், ஒன்று பேராசிரியரின் மேசை இழுப்பறையில். பூட்டு உடையவில்லை.

ஒரு பக்கம் இருபது விருது வாங்கிய வாய். இன்னொரு பக்கம் கையில் விலங்கு மாட்டிய வாய். கோர்ட்டில் எதை நம்புவார்கள் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியாதா? தாய்மாமனுக்கு வேலை போகும், ஜெயில் வரும், குடியிருக்கும் ஊழியர் குடியிருப்பும் போகும். அடுத்த மாதம் யாருக்கும் அவர் ஞாபகம் இருக்காது. அலுப்பாக இருந்தது. அலுப்புக்கு நடுவில் கோபமும் வந்தது, அது கொஞ்சம் உதவியது.

பதினொரு மணி. கால்நடை மருத்துவர் ஒரு தாய் எலியையும் ஒரு குட்டியையும் அறுத்துப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தடிமன் பிடித்த மனிதர், மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசினார்.

"எலி மருந்துன்னு யார் சொன்னது? எலி மருந்துன்னா உள்ளே ரத்தம் கசிஞ்சிருக்கும். இங்க ஒரு சொட்டு இல்ல. ஈரல் மட்டும் மஞ்சளா, தொட்டா உதிருது."

பெயிண்ட் கறையை எடுக்கிற, இனிப்பாக மணக்கிற பழைய திரவம் எதுவும் இப்படிச் செய்யுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மருத்துவர் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார். தாராளமாகச் செய்யும். மூடின அறையில் இரண்டு நாள் அந்த ஆவியைச் சுவாசித்தால் போதும். ஆனால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது என்றார். அந்தத் திரவம் சும்மா இருந்தால் ஈரலுக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஈரல் சும்மா இருக்காது. தன்னிடம் உள்ள ஒரு நொதியை வைத்து அதை உடைக்கப் பார்க்கும். உடைக்கும்போதுதான் விஷம் பிறக்கும்.

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துதே குடையுதேன்னானாம். ஈரல் கதை அதுதான்."

"பொறந்த குட்டிக்கு?"

"அதுக்கு அந்த நொதியே இன்னும் வந்திருக்காது மேடம். நொதி எல்லாம் ஒரே நாள்ல வேலைக்கு வராது. சிலது பொறந்த அன்னைக்கே வரும். தொப்புள் கொடி அறுந்ததும் சர்க்கரை குறையும், உடனே ஒரு ஹார்மோன் ஏறும், அது கூப்பிட்டா அந்த பேட்ச் வரும். சிலது நாள் கழிச்சு வரும். சிலது பால்குடி மறக்கறப்போதான் வரும்."

"ஹார்மோன்தான் போஸ்டிங் ஆர்டர்."

"அப்படி வச்சுக்குங்க."

"ஆர்டரை முன்னாடியே கொடுத்தா?"

"முன்னாடியே வந்து உக்காந்துக்கும். அதுதானே இவங்க ஆராய்ச்சியே."

 உப்புத் தண்ணீர் போட்ட குட்டிகள் இந்த ஆவியில் என்ன ஆகும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஒண்ணும் ஆகாது. ஈரல் இன்னும் தூங்குதே. சாகக் கூடாது" என்றவர், தான் அறுத்துப் போட்ட குட்டியைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா இது வெள்ளை அட்டைக் குட்டி."

அவசரமாகக் கைக்குட்டையைத் தேடினார். ரத்தத்தைச் சோதித்தால் ஹார்மோன் போட்ட குட்டி எது என்று தெரிந்துவிடும், ஆனால் முடிவு வர நாளாகும் என்றார். இன்ஸ்பெக்டரிடம் நாள் இல்லை. பன்னிரண்டு மணிக்குக் குழு வந்து, வெள்ளை அட்டைக்கு நேரே பிணங்களையும் சிவப்பு அட்டைக்கு நேரே உயிர்களையும் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போய்விடும்.

மாணவியை ஒரு நிமிடம் தனியாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். வெள்ளிக்கிழமை ஊசி போடும்போது அட்டைகளை எப்படிப் படித்தாய்? மாணவி யோசிக்காமல் தலையைத் தோள் வரைக்கும் சாய்த்துக் காட்டினாள். அப்புறம் அவளுக்கே ஏதோ உறைத்தது, வாயைத் திறந்தாள். இன்ஸ்பெக்டர் உதட்டில் விரலை வைத்தார். தாய்மாமனிடமும் போய், இனிமேல் என்ன நடந்தாலும் குரல் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்தார்.

பதினொன்றே முக்கால். எல்லாரையும் அடுத்த அறைக்கு வரச் சொன்னார். உயிருள்ள எலிகளின் அறை அது. பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தனக்கு அறிவியல் ஏறாது, கேஸ் எழுதுவதற்கு இன்னொரு தடவை விளக்கமாகச் சொல்லுங்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார். கேட்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் மடங்குவார்கள். பேராசிரியர் கூண்டுகளின் ஓரமாக நடந்துகொண்டே சொல்லத் தொடங்கினார். கரு, தொப்புள் கொடி, முதல் மூச்சு, கல்லீரல் விழிக்கும் முறை. நன்றாகவே சொன்னார். குறைமாதக் குழந்தைகளைப் பற்றிச் சொன்னபோது குரல் உண்மையாகவே கம்மியது. சொல்லிக்கொண்டே வந்தவர் அந்தக் கூண்டின் முன்னால் நின்றார். பேச்சு நிற்கவில்லை. வலது கை தானாக நீண்டு, தலைகீழாக இருந்த அட்டையை உருவி, நேராக்கி, மறுபடியும் செருகியது. விரலால் ஒரு தட்டும் தட்டியது.

தாய்மாமன் முக்காலியிலிருந்து பாதி எழுந்து உட்கார்ந்தார். மாணவி தரையைப் பார்த்தாள். மருத்துவர் தும்ம மறந்து நின்றார்.

"ஐயா, இப்ப என்ன செஞ்சீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பேராசிரியருக்குக் கேள்வியே புரியவில்லை. அட்டை கோணலாக இருந்தது, சரிசெய்தேன் என்றார்.

"கோணலா இல்ல. தலைகீழா இருந்துச்சு. அப்படித்தான் இருக்கணும். புதுசாக் குட்டி போட்ட கூண்டு, தொடாதேன்னு அர்த்தம். இங்க வேலை பாக்குற எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருஷமா உள்ளே வராத உங்களுக்குத்தான் தெரியல."

பிறகு, நின்றபடியே, குரலை உயர்த்தாமல், எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், எலிகள் செத்த அறையின் எட்டு அட்டைகளும் தலைகீழாக இருந்தன. மாணவி தலையைச் சாய்த்துத்தான் படித்திருக்கிறாள். இன்று காலை எட்டும் நேராக நிற்கின்றன. ஆக, நடுவில் யாரோ எட்டையும் உருவி எடுத்திருக்கிறார்கள். உருவி எடுத்த அட்டையை மறுபடி தலைகீழாகச் செருக வேண்டும் என்று அந்த வழக்கம் தெரிந்தவர்களுக்குத்தான் தோன்றும். சாவி வைத்திருக்கும் மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது தெரியும். மூன்றாமவரின் கை இப்போதுதான் எல்லார் முன்னாலும் சாட்சி சொன்னது.

ஏன் உருவ வேண்டும்? செத்தவை உண்மையில் சிவப்பு அட்டைக் குட்டிகள். ஹார்மோன் அவற்றின் கல்லீரலைச் சீக்கிரம் எழுப்பிவிட்டது. எழுந்த கல்லீரல், தரை துடைத்த திரவத்தின் ஆவியைத் தானே விஷமாக்கிக்கொண்டது. தாய்கள் செத்ததும் அப்படித்தான். உப்புத் தண்ணீர்க் குட்டிகள் தூங்குகிற கல்லீரலோடு தப்பிவிட்டன. குழு இதைப் பார்த்தால் ஒரே கேள்விதான் கேட்கும். குழந்தைகளுக்கு இதைப் போட்டால், அப்புறம் எந்த மருந்து, எந்த ஆவி அவர்களைக் கொல்லும்? அதனால் சிவப்பு வெள்ளையானது, வெள்ளை சிவப்பானது. திரவத்தின் பெயர் வெளியே வந்தால் இந்தக் கணக்கு யாருக்கும் புரிந்துவிடும். அதனால் டின் காணாமல் போனது, எலி மருந்து பிறந்தது. எலி மருந்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. லீவு கிடைக்காமல் முணுமுணுத்த ஆள் கிடைத்தார்.

"ரூம் தரையில ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்ல. வெளியில பூரா சொட்டு. தொடைக்கச் சொன்னதே நீங்கதான், ஐயா."

பேராசிரியர் தாடியைத் தடவினார். மறுக்கத் தெம்பில்லாதவர்போல, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழு வருவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கலாம் என்று வந்ததாகச் சொன்னார். டின் அவர் கார் டிக்கியில் இருந்தது.

"தரை சுத்தமா இருக்கணும்னுதான் நினைச்சேன். யாரையும் கொல்ல நினைக்கல" என்றார். "குறைமாசக் குழந்தைங்க தினம் சாகுதுங்க மேடம். முப்பது வருஷமா அதுக்காகத்தான் இதுல கிடக்கிறேன். ஒரு பழைய டின், நாலு கூண்டு எலிக்குட்டி, இதுக்காக எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க."

"நாலு கூண்டு எலிக்குட்டி செத்து ஒரு விஷயம் சொல்லுச்சு. அதை மாத்தி எழுதிட்டீங்க. அடுத்த மாசம் சாகப்போறது எலி இல்லையே."

மாணவிதான் அழுதாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா, இதுவும் ஒரு முடிவுதானே, இதையே எழுதியிருப்பேனே என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. குழு வந்துவிட்டது. அவர்களிடம் என்ன சொல்வது என்று மருத்துவர் கேட்டார். உள்ளதைச் சொல்லுங்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு விலங்கைக் கழற்றினார். கழற்றும்போது இன்ஸ்பெக்டருக்கு வெட்கமாக இருந்தது. காலையிலேயே கழற்றச் சொல்லியிருக்கலாம். அதைத் தாய்மாமனிடம் சொல்லவும் செய்தார், தப்புத்தான், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று. அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு பரவாயில்லை என்றார். நேராக விலங்கு அறைக்குப் போய், உயிரோடு இருந்த குட்டிகளை ஒரு துணியில் ஏந்திக்கொண்டு வந்தார். பால் கொடுக்கிற தாய் ஒன்றின் கூண்டிலிருந்து மரத்தூளை எடுத்து அவற்றின் உடம்பெல்லாம் பூசினார். அந்தத் தாயின் வாசனை ஏறினால்தான் அது தன் குட்டியென்று சேர்த்துக்கொள்ளும். பூசிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"மேடம், ஐயா சொன்னாரு, சரி. டின்னைத் தொறந்தது நான். தொடச்சது நான். ஜன்னலை மூடினதும் நான். அப்ப அதுங்களைக் கொன்னது என் கைதானே?"

முப்பது வருட வேலையில் இந்தக் கேள்வியை யாரும் இன்ஸ்பெக்டரிடம் கேட்டதில்லை. எல்லாரும் இல்லை என்று சொல்லத்தான் வந்தார்கள்.

"உங்களுக்குத் தெரியாம நடந்தது. தெரிஞ்சு செய்யல" என்றார்.

"எலிக்கு அது தெரியாதே மேடம்" என்றார் தாய்மாமன். குட்டிகளை ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் வைத்தார்.